என் காலும் தெசாங்காவின் கோழிகளும்

யெலோவிக்
மார்ச் 11

அன்பு மகள் யாஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் அந்த வடகோடியில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு, நலமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. உன் ஞானத்தாய் தெசாங்கா, தன்னுடைய பதினொரு கோழிகளும் ஒரேயடியாக முட்டையை நிறுத்தியதற்கு என் கால்தான் காரணம் என்று, கடையில் ரொட்டிக்கு நின்றிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். கோழிகளின் கிறிஸ்துமஸ் என்று நாம் சொல்கிற ஜனவரி இரண்டு அன்று காலையில் அவள் வீட்டுப் படியை முதலில் மிதிப்பது இருபத்தாறு வருடமாக இந்தக் கால்தான். இருபத்தாறு வருடமும் அவள் கூடை நிறைந்தது. அப்போதெல்லாம் என் காலைப் பற்றி யாரும் கடையில் பேசவில்லை. அவள் சொன்னதுகூடப் பரவாயில்லை, ஜனவரிக் கடைசியில் நீ தொலைபேசியில் கேட்டாயே, "அப்பா, என்ன பண்ணி வச்சீங்க?" என்று, அதுதான் எனக்கு உறைத்தது. என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. நான் என்ன பண்ணி வைத்தேன் என்று கேட்டாய். எழுதித்தான் பதில் சொல்வேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது நடக்காது.

அன்று நடந்தது இதுதான். ஜனவரி இரண்டாம் தேதி, சரியாக ஏழு மணிக்கு, ஓக் குச்சியோடு போனேன். வலது காலைத்தான் முதலில் வைத்தேன், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அடுப்பைக் கிளறி, எத்தனை பொறி பறக்கிறதோ அத்தனை குஞ்சு, அத்தனை முட்டை, அத்தனை ஆரோக்கியம் என்று முழு வாழ்த்தையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். தெசாங்கா அடுப்புப் பக்கத்தில் வைக்கோல் பரப்பி வைத்திருந்தாள். முதல் காலடி வைக்கிறவன் அதில் கோழி மாதிரிக் குந்தி உட்கார வேண்டும், அவன் உட்கார்ந்தால்தான் கோழிகளும் பெட்டியில் உட்காரும், உனக்குத் தெரியாததா. இந்த வருடம் நான் உட்காரவில்லை. விறகுப் பெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டேன். "உக்காருங்கண்ணே, வைக்கோல் புதுசுதான்" என்றாள். நின்றாலே போதும், வாழ்த்துக்குத்தான் பலன், பின்புறத்துக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் வைக்கோலைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். பிறகு முற்றத்தில் வட்டம் போட்டு, அதற்குள் கோதுமையும் சோளமும் தூவி, கோழிகள் பக்கத்து வீட்டில் போய் முட்டையிடாமல் இருக்க வேண்டியதையெல்லாம் முறைப்படி செய்தோம். வட்டத்துக்குக் கயிறு உடனே கிடைக்கவில்லை, கொஞ்சம் தேடவேண்டி இருந்தது, ஏதோ ஒன்று கிடைத்தது, போட்டோம். அவ்வளவுதான். பிளம் சாராயம் இரண்டு கிண்ணம், பூசணி அடை ஒரு துண்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழியவில்லை, ஒரு நாளைக்கு ஏழு முட்டை போட்ட கோழிகள் இரண்டுக்கு வந்தன, அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. உடனே ஊரில் ஆளாளுக்கு வாய் முளைத்தது. மிலிசாவ் நாரை மாதிரி நின்றார், கோழிகளும் நின்றுகொண்டே இருக்கின்றன என்று என்னைப் பற்றி முதலில் சொன்னவன் விதோமிர்தான், பழைய பஸ் கண்டக்டர், இன்றைக்கும் யாரைப் பார்த்தாலும் டிக்கெட் கேட்கிற முகத்தோடுதான் திரிகிறான். அதோடு விட்டதா? பிப்ரவரி நாலாம் தேதி என் கோழிகள், அவை நவம்பரிலேயே வழக்கம்போல் ஓய்வுக்குப் போனவை, ஒவ்வொன்றாக முட்டையிடத் தொடங்கின. நேர்மையான கோழிகள், பகல் நீண்டால் போடும், குறுகினால் நிறுத்தும், நாற்பது வருடம் ரயில்வே கேட்டில் நான் இருந்ததைப்போல் நேரத்துக்கு நடக்கிறவை. ஆனால் தெசாங்கா வேலி வழியாக என் முட்டைக் கூடையைப் பார்த்துவிட்டாள். "என் வீட்டு யோகத்த மடியில கட்டிக்கிட்டுல்ல போயிருக்காரு" என்று சொன்னாளாம். இப்போது நான் துரதிர்ஷ்டம் பிடித்தவன் மட்டும் இல்லை, திருடனும் ஆனேன். அதே வாரம் அவள் விதோமிரைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் முதல் காலடி அவனுடையது என்று கைகொடுத்து, சாராயம் ஊற்றி, வாக்குக் கொடுத்துவிட்டாள். கோயிலில் அவள் நிற்கிற இடத்தைக்கூட மாற்றிக்கொண்டாள். வழக்கமாக எனக்கு வருகிற, பன்றிக்காலை வேகவைத்துக் குளிரில் உறையவிட்ட தட்டு இந்தக் குளிர்காலம் வரவில்லை. பூண்டு அதிகம் போடுவாள், நான் அதை ஒருபோதும் விரும்பியதில்லை, ஆனாலும் வரவில்லை. உன்னை ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவள் அவள், யாஸ்னா. கூடப் பிறந்தவனோடு பேசாமல் இருந்தவர்கள் இந்த ஊரில் உண்டு. ஞான உறவோடு பேசாமல் இருந்தவர்கள் கிடையாது. நம் வீட்டிலிருந்து அது தொடங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் மன்னிப்புக் கேட்பதில்லை, அது உனக்குத் தெரியும். எனவே நிரூபிப்பது ஒன்றுதான் வழி.

பிப்ரவரி இருபதாம் தேதி, நல்ல வெயில் நேரத்தில், கூப்பிடாமலே அவள் முற்றத்துக்குப் போனேன். கையில் என் கோழி வளர்ப்புப் புத்தகம். முதல் முப்பது பக்கம் இல்லாமல் சந்தையில் வாங்கினேனே, அதேதான். எழுதியவன் யார் என்று இன்றுவரை தெரியாது, ஆனால் அவனுக்கு விஷயம் தெரியும். தெசாங்கா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உங்க கால வெளியிலேயே விட்டுட்டு வாங்க என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, வேலையைத் தொடங்கினேன். முட்டை நிற்பதற்குப் பல காரணம் உண்டு, ஒவ்வொன்றாகத்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முதலில் வயது. பதினொன்றில் நான்கு கிழடுதான், ஆனால் கிழடு மெதுவாகக் குறைக்கும், பதினொன்றும் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் நிறுத்தாது. அடுத்தது தீனி. வெறும் சோளமும் காய்ந்த ரொட்டியும் போட்டு வயிற்றில் கொழுப்பேற்றி வைத்திருக்கிறாள், ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், வாத்துக் கனம். அதைச் சொன்னதும், என் புருஷனையும் இதே சாப்பாட்டுலதான் வளத்தேன் என்றாள். பாவம், அந்த மனிதன் எப்படிப் போனான் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. பிறகு தண்ணீர், காலையில் உறைந்திருந்தாலும் அவள் வெந்நீர் ஊற்றுகிறாள், அதில் குறை இல்லை. கோழிகள் அடைகிற கம்புகளின் அடியில் விரலை ஓட்டினேன், பேன் இல்லை. மரநாய் வந்த தடம் இல்லை, தானே முட்டையைக் கொத்தித் தின்கிற கோழி இருந்தால் ஓடு கிடக்கும், ஓடும் இல்லை. ஒளித்துவைத்து முட்டையிடுகிறதோ என்று வைக்கோல் போரைத் துழாவினேன், ஒரே ஒரு முட்டை அகப்பட்டது. வெற்றி என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். அது போன கோடைக்காலத்து முட்டை. வேலியில் சாய்ந்தபோது தெரிந்துகொண்டேன். தெசாங்கா ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள், அந்தக் கோட்டு இன்னும் வெளியில்தான் தொங்குகிறது.

பிறகுதான் கூட்டுக்குள் தரையைச் சரியாகப் பார்த்தேன். முழுக்க இறகு, யாரோ தலையணையைக் கிழித்த மாதிரி. கோழிகளைப் பிடித்துப் பார்த்தால் பாதி வழுக்கை, மீதி இடத்தில் முள்ளம்பன்றி மாதிரிப் புது இறகுக் குருத்து. இறகு உதிர்க்கிற கோழி முட்டை போடாது, இருக்கிற சத்தெல்லாம் இறகுக்குப் போய்விடும், இரண்டு மாதமோ இரண்டரை மாதமோ ஆகும். ஆனால் அது இலையுதிர் காலத்து வேலை. நடு ஜனவரியில், அந்தக் குளிரில், எந்தக் கோழி துணியைக் கழற்றும்? இவற்றிடம் யாரோ திடீரென்று குளிர்காலம் வந்துவிட்டது, போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படி யோசித்தபடி நிமிர்ந்தால் தலையில் ஒரு பல்பு இடித்தது. கூரைக் கம்பியில் தொங்குகிற பல்பு, கீழே ஒரு முழம் வயர், நுனியில் பிளக், அது எதிலும் செருகாமல் அந்தரத்தில். பக்கத்துக் கொட்டகைச் சுவரில் பார்த்தால் வட்டமான டைமர் ஒன்று, தன்பாட்டுக்குக் கிர்ர் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பல் பல்லாக இருக்கும் அதில், விடிகாலை நாலிலிருந்து ஏழு வரை அழுத்திவைத்திருந்தது. அப்போதுதான் உன் நினைவு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உனக்கு ஒரு விளக்குக் கொடுத்திருக்கிறாள், சூரியனே வராத மாதங்களில் காலையில் அதன் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்தால்தான் நீ நீயாக இருக்கிறாய் என்று எழுதியிருந்தாயே. விளக்கு முன்னால் உட்கார்ந்து காப்பி குடிக்கவா மருத்துவம் படித்தார்கள் என்று நான் கேலி செய்தேன். அதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னிப்பு அல்ல, திரும்ப எடுத்துக்கொள்வது, இரண்டும் வேறு.

யார் போட்டது இது என்று தெசாங்காவைக் கேட்டேன். ராதென்கோ, அவள் மகன், லின்ஸ் நகரத்திலிருந்து போன வருடத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் வந்தபோது மாட்டிவிட்டுப் போனானாம். அவன் ஏதோ விளக்கினானாம், நரி பயப்படத்தான் விளக்கு என்று இவள் புரிந்துகொண்டாளாம். ஏழு மணிக்கு இவள் எழுந்து வருவதற்குள் அது அணைந்துவிடும், ஆகவே எரிந்தபோதும் இவள் பார்த்ததில்லை, எரியாதபோதும் பார்த்ததில்லை. இரண்டு குளிர்காலமாகக் கோழிகளுக்குப் பொய்ச் சூரியன் ஒன்று மூன்று மணி நேரம் கூடுதலாக உதித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் எல்லார் வீட்டுக் கோழியும் ஓய்வெடுத்தபோதும் அவளுடையவை போட்டன. அந்தச் சூரியன் ஒரே நாளில் போய்விட்டது. போனது ஜனவரி இரண்டு. சரி, டைமரையும் பல்பையும் இணைக்கிற நீள வயர் எங்கே? அவள் முகம் மாறியது. என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனாள். புனிதர் படத்துக்கு அடியில், ஆணியில், மஞ்சள் நிற எக்ஸ்டென்ஷன் வயர் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது, நடுவில் காய்ந்த துளசிக் கொத்து செருகி. வட்டம் போட்டதை அடுத்த வருஷம் வரைக்கும் வேற வேலைக்கு எடுக்கக் கூடாதுல்ல என்றாள். ஆமாம் யாஸ்னா. கோழிகள் நன்றாக முட்டையிட வேண்டும் என்று எதைச் சுற்றிவைத்து வட்டம் போட்டோமோ, அதுதான் அவற்றின் வெளிச்சத்தைக் கொண்டுவருகிற வயர். இரண்டு மாதமாக அது சாமிக்குக் கீழே தொங்குகிறது, கோழிகள் இருட்டில் உட்கார்ந்திருக்கின்றன.

எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நடு வீட்டில் நின்று, புத்தகத்தைத் தட்டிக்கொண்டு, பார்த்தாயா, காலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, வைக்கோலுக்கும் சம்பந்தம் இல்லை, எந்தப் புத்திசாலி இந்த வயரை உருவினானோ அவனைப் போய்க் கடையில் வைத்துப் பேசு என்று நன்றாகவே குரலை உயர்த்திச் சொன்னேன். தெசாங்கா மெதுவாகத்தான் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்குக் கயிறு கெடைக்கலன்னு, இந்தா இது நீளமா இருக்குன்னு கூட்டுலேர்ந்து உருவிக்கிட்டு வந்து குடுத்தது யாரு?"

நான்தான். பன்றி அடித்த அன்று கட்டிய கயிற்றில் ரத்தம் இருந்தது, அது ஆகாது என்று சொன்னதும் நான்தான். இந்த மஞ்சள் வயர் பன்றி அடித்த அன்று வெளிச்சத்துக்குப் போட்டு எடுக்க மறந்தது என்று நினைத்து, இரண்டு பக்கமும் பிளக்கைப் பிடுங்கிக் கொண்டுவந்ததும் நான்தான். மேலே கயிற்றைப் பற்றி எழுதும்போது ஏதோ ஒன்று கிடைத்தது என்று எழுதியிருக்கிறேன், அடித்துத் திருத்தலாம் என்றால் மையால் தாள் அசிங்கமாகும், அப்படியே இருக்கட்டும். அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. அப்படியென்றால் கை, கால் இல்லை, இரண்டு மாதமாகக் குற்றம் சாட்டியது காலை, காலுக்கு நீதி வேண்டும் என்றேன். தெசாங்கா கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் வாய் நிற்கவில்லை. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அது சரி, ஏன் உட்காரல, அதச் சொல்லுங்க என்றாள். அவளிடம் சொன்னதை உன்னிடமும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவளே சொல்லிவிடுவாள். அக்டோபரிலிருந்து இடது முழங்கால் மடங்கவில்லை. பூசணிக்காய் மாதிரி வீங்கி, பிறகு வற்றி, பிறகு மறுபடி. உட்கார்ந்திருந்தால் அந்த வைக்கோலிலிருந்து என்னை இரண்டு பேர் தூக்கியிருக்க வேண்டும், பண்டிகைக் காலையில் ஒரு விதவை வீட்டில் அது நல்ல காட்சி இல்லை. நீ நர்ஸ், சொன்னால் அறுவை சிகிச்சை என்பாய், அதனால் சொல்லவில்லை. கர்வத்தால் நின்றேன் என்று ஊர் நினைத்தது எனக்கு வசதியாகவே இருந்தது. நான் கிளம்பும்போது தெசாங்கா பன்றிக்கால் தட்டு கொடுத்தாள். பூண்டு அதிகம்தான்.

வயரை அன்றைக்கே மாட்டிவிட்டேன். சோளத்தைக் குறைத்து, ஊறவைத்த ஓட்ஸும் கொஞ்சம் தயிர்க்கட்டியும் முட்டைக்கோஸ் இலையும் போடச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டு போடுகிறாள். எப்படியும் இப்போது பகலும் தானே நீண்டுவருகிறது. நேற்றுக் காலை வேலி ஓரம் வந்து கூப்பிட்டாள், ஏப்ரனுக்குள் ஒன்றை மூடிப்பிடித்துக்கொண்டு. முட்டை. வால்நட்டைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் லேசாக ரத்தக் கோடு, ஆனால் முட்டை. ஈஸ்டருக்கு முதலில் சிவப்புச் சாயம் ஏற்றி, வீட்டைக் காக்க வருடம் முழுக்கப் படத்தருகே வைக்கிற முட்டை சொந்தக் கோழியுடையதாக இல்லாமல் கடையில் வாங்கியதாகிவிடுமோ என்று இந்த இரண்டு மாதமும் அவள் எப்படிப் பயந்திருக்கிறாள் என்பது அதை அவள் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. வீட்டில் மற்றபடி எல்லாம் சுகம். பிளம் மரங்களைக் கவாத்து செய்துவிட்டேன், ஏணியில் ஏறவில்லை, நீ கவலைப்படாதே, அதாவது அதிகம் ஏறவில்லை. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை எனக்குப் பெரியது, முழங்காலுக்கு உறையாகப் போட்டிருக்கிறேன். உன் விளக்கின் வயரை மட்டும் யாரும் எதற்காகவும் கழற்றாமல் பார்த்துக்கொள். அங்கே யாருக்காவது கயிறு வேண்டுமென்றால் கடையில் வாங்கட்டும்.

ஆனால் அநியாயம் இன்னும் தீரவில்லை. விதோமிருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது, முதல் காலடிக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே செய்ய வேண்டியதை எழுதுகிறேன், யார் யார் என்று. தெசாங்கா, எந்தக் கடையில் எத்தனை பேர் முன்னால் சொன்னாளோ அங்கேயே அதற்குக் குறையாத ஆட்கள் முன்னால், மிலிசாவின் காலில் குற்றமில்லை என்று சொல்ல வேண்டும். கையைப் பற்றி அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள், யாரும் கேட்காமலே. ராதென்கோ, மஞ்சளல்லாத வேறு நிறத்தில் புது வயர் வாங்கி வந்து, கூரையோடு ஆணி அடித்து, இந்த முறை தன் தாய்க்கு மெதுவாக விளக்க வேண்டும். விதோமிர், ஜனவரி இரண்டாம் தேதி விடிகாலையில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ள வேண்டும். பேசிவிட்டேன், ஒரு பாட்டில் சாராயத்துக்குச் சம்மதித்தான், அவனுக்கும் அந்தத் தொப்பையோடு குந்த முடியாதாம். நான் உன் பேச்சைக் கேட்டு அந்த முழங்கால் டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும், பார்க்க மட்டும். நீ, இப்போதே விடுப்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அங்கே சூரியன் இல்லாத அந்த நாட்களில், டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் இங்கே வந்து சேர வேண்டும். படியை மிதிக்கிற கால் என்னுடையது, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். வைக்கோலில் குந்துகிற முழங்கால் உன்னுடையதாக இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று வழக்கத்தில் எங்கும் இல்லை, பாதிரியாரிடமும் கேட்டுவிட்டேன், அவரும் இல்லை என்றுதான் சொன்னார், சிரித்தார் என்பது வேறு. கடவுள் உன் கண்ணுக்கு வெளிச்சமும் கைக்கு வலுவும் தரட்டும். காதை மூடிக்கொள். வரும்போது கயிறு ஒன்று வாங்கி வா, நீளமாக.

உன் அப்பா
மிலிசாவ்